சேணம் (மலையகத் தோட்டங்களில்)

சேணம் என்பது குதிரையின் முதுகில் ஆள் அமர்வதற்காகக் கட்டும் தோல் இருக்கை. இலங்கை மலையகத்தில் தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை போகும் வழியிலுள்ள லிந்துலையைச் சுற்றிய தோட்டங்களில், கோப்பிக் காலம் தொட்டு மோட்டார் வாகனம் வரும்வரை, தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைமாரின் அன்றாட வாகனம் குதிரைதான். 1885இல் நானுஓயாவுக்கு ரயில் வந்த பிறகும் ஸ்டேஷனிலிருந்து பங்களாவுக்கும், பங்களாவிலிருந்து மலைக்கும் போக அது தேவைப்பட்டது. அந்தக் காலத்தைத் துரைமார் நிறையவே எழுதி வைத்தார்கள். சேணத்தைப் போட்டு, கழற்றி, துடைத்து, எண்ணெய் பூசிய குதிரைக்காரர்கள், பெரும்பாலும் தமிழர், எதையும் எழுதி வைக்கவில்லை.

சேணம் தமிழருக்குப் புதிதல்ல. திருவரங்கம் சேஷராயர் மண்டபத்தில் பாயும் குதிரைகளின் மேல் சேணமும் அங்கவடியும் கல்லிலேயே செதுக்கப்பட்டுள்ளன. நெடுந்தீவில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் குதிரை வளர்த்தார்கள். ஆனால் மலையகத்துக்கு வந்தது ஆங்கிலச் சேணம். 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் கப்பலில் குதிரைகளும் கோச்சு வண்டியும் கொண்டுவந்தார். வண்டி றம்பொடைக் கணவாயில் பள்ளத்தில் கவிழ்ந்தது. அந்த மலைப்பாதைகளில் சேணம்தான் நிலைத்தது.

ஆங்கிலச் சேணத்தின் உயிர் அதன் மரச்சட்டம். மெல்லிய மரப்பலகைகளை வளைத்து ஒட்டி, இரும்புத் தகடு அடித்து அதைச் செய்வார்கள். முன்மேட்டுக்கும் பின்மேட்டுக்கும் இடையே பட்டை நாடாவை இழுத்துக் கட்டி, அதன்மேல் இருக்கைத் தோல் போர்த்துவார்கள். அடியில், முதுகெலும்பின் இருபுறமும், ஆட்டு மயிர் திணித்த இரண்டு மெத்தைகள். சேணம் முதுகெலும்பைத் தொடாதிருக்க அவற்றுக்கு நடுவே ஒரு வெற்றிடம் ஓடும். இங்கிலாந்தின் வால்சால் நகரம் இந்தத் தொழிலுக்குப் பேர் போனது. இந்தியாவில் 19ஆம் நூற்றாண்டில் இராணுவத்துக்காகச் சேணம் தைக்கத் தொடங்கிய கான்பூர் இன்று உலகெங்கும் ஏற்றுமதி செய்கிறது.

சினிமாவில் நாம் பார்க்கும் கௌபாய்ச் சேணம் வேறு வகை. ஸ்பானியர் வழியாக மெக்சிகோவில் உருவாகி அமெரிக்காவுக்குப் போனது. முன்னால் நிற்கும் கொம்பு மாட்டைப் பிடித்த கயிற்றைச் சுற்றிக் கட்டுவதற்கு. அதன் சட்டத்தில் நீண்ட இரு பட்டைகள் பாரத்தை முதுகு நெடுகப் பரப்பும். 12 முதல் 18 கிலோ எடை இருக்கும்; ஆங்கிலச் சேணம் அதில் பாதிதான். மாடு மடக்கும் வேலை இல்லாத தோட்டத்தில் அதற்கு என்ன வேலை?

சேணம் ஆளுக்கு அளவெடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் அது குதிரைக்குப் பொருந்த வேண்டும். வெறும் முதுகில் வைத்துப் பார்க்க வேண்டும். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் அமர வேண்டும். கடைசி விலாவைத் தாண்டக் கூடாது. ஆள் ஏறிய பிறகும், கழுத்தடியில் உயர்ந்து நிற்கும் தோள்முகட்டுக்கு மேல் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும்.

சமவெளியில் தப்பிக்கும் சேணத்தை மலை காட்டிக்கொடுத்துவிடும். இறக்கத்தில் அது முன்னால் சரிந்து தோளை இடிக்கும். ஏற்றத்தில் பின்னால் நழுவும். முன்னால் சரியாமலிருக்க வாலடியில் ஒரு வார், பின்னால் போகாமலிருக்க மார்பில் ஒரு வார். வயிற்றுவாரை மட்டும் இறுக்கிச் சமாளிப்பது குதிரையின் மூச்சோடு விளையாடுவது.

குதிரைக்காரரின் சோதனை சவாரி முடிந்த பின்னர்தான். சேணத்தை எடுத்ததும் முதுகில் வேர்வை ஈரம் சீராகத் தெரிய வேண்டும். ஈரத்துக்கு நடுவே காய்ந்த திட்டு ஒன்று தெரிந்தால் அங்கே சேணம் அழுத்தியிருக்கலாம், அல்லது முதுகைத் தொடாமலே இருந்திருக்கலாம். மூடுபனியும் மழையும் ஓயாத ஊரில் இன்னொரு பகை பூஞ்சணம். தோலைத் துடைத்து, நிழலில் உலர்த்தி, எண்ணெய் இட வேண்டும். அவசரப்பட்டு அடுப்படியில் காயவைத்தால் தையலோரம் வெடிக்கும்.

20ஆம் நூற்றாண்டில் மோட்டார் சைக்கிளும் காரும் வந்து தோட்டத்து லாயங்களை வெறுமையாக்கின. 1875இல் தொடங்கிய நுவரெலியாப் பந்தயத் திடலில், இடையில் நின்று மீண்டும் தொடர்ந்த ஓட்டங்களில், இன்று காண்பது ஒரு கிலோ கூடத் தேறாத பந்தயச் சேணம். ஏப்ரல் வசந்த காலத்தில் கிரகரி ஏரிக்கரையில் பிள்ளைகளை ஏற்றும் மட்டக்குதிரைகளும் உண்டு. ஏறுமுன் தோள்முகட்டின் இருபுறமும் பாருங்கள். கறுப்பு மயிருக்கிடையே வெள்ளைத் திட்டு இருந்தால், பொருந்தாத சேணம் அழுத்திய பழைய புண் ஆறிய இடமாக இருக்கலாம்.