வாசலில் நின்ற வட்டிக்காரரும் போனில் வரும் குரலும்

"அக்கா, நாளைக்குப் பத்து மணிக்குள்ள காசு கட்டல்லையெண்டா பொலிஸ் வீட்ட வரும்."

உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இருக்கிற ஒரு வீட்டுக்குப் போன வருடம் இப்படி ஒரு அழைப்பு வந்தது. எங்கள் குழுவில் ஒருத்தியின் வீடு அது. போனை எடுத்தவர் அவளின் அம்மா. அண்ணன் கட்டாருக்குப் போகும்போது நிறுத்தாமல் விட்ட மாதக் கட்டண இணைப்பில் 4,300 ரூபாய் பாக்கி. தாமதக் கட்டணம், அறவீட்டுச் செலவு என்று அது 11,000ஐத் தாண்டியிருந்தது. பேசியவர் போன் கம்பனி ஆள்கூட இல்லை. பாக்கியை அறவிட கம்பனி பிடித்திருந்த வேறொரு நிறுவனத்தின் ஆள். அம்மா எங்கள் யாரிடமும் ஒரு சொல் கேட்கவில்லை. தோட்டைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்குப் போனா. பிறகு நாங்கள் கேட்டபோது சொன்னது இதுதான்: "ஜீப் வந்து வாசல்ல நிண்டா சனம் என்ன நினைக்கும்?"

அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைக் கொஞ்சம் தேடிப் பார்த்தோம்.

பிரித்தானியர் காலத்து இலங்கையில் சின்னச் சம்பளக்காரருக்குக் கடன் கொடுத்தவர்களில் ஆப்கானிய வட்டிக்காரர் முக்கியமானவர்கள். செட்டிமார் பெரும்பாலும் வியாபாரிகளுக்கும் தோட்டக்காரருக்கும் கொடுத்தார்கள். ஆப்கானியரிடம் போனது கிளார்க்கும் பியூனும் றெயில்வேத் தொழிலாளியும். ஈடு கிடையாது, வட்டி கடுமை. சம்பள நாளில் கந்தோர் வாசலில் வந்து நிற்பார்கள் என்பது அந்தக் காலத்து நினைவுகளில் திரும்பத் திரும்ப வருகிற காட்சி.

1899இல் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. அரச ஊழியர்களின் கடன் பற்றிய 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். குறைந்த சம்பளம் வாங்கும் அரச ஊழியர் மேல் கைமாற்றுக்கோ புரோநோட்டுக்கோ வழக்குப் போட முடியாது என்றது அது. கேட்க நல்ல சட்டம்தான். ஆனால் நாங்கள் யோசித்தது வேறு. நீதிமன்றக் கதவை அடைத்தால் கொடுத்தவன் காசை எப்படி எடுப்பான்? வாசலில் போய் நின்றுதான். நாலு பேர் பார்க்க நின்றாலே போதும், வழக்குத் தேவையில்லை. சட்டம் விலகிப்போன இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது என்றே எங்களுக்குப் படுகிறது. (1941இல் வந்த கடன் இணக்கச் சட்டம் ஒரு நல்ல முயற்சி. கடன்காரனையும் கொடுத்தவனையும் ஒரு சபை முன் இருத்திப் பேச வைத்தது. ஆனால் அது பெரும்பாலும் காணி, வீடு ஈடு வைத்தவர்களுக்குத்தான் உதவியது.)

திருகோணமலையும் மாதச் சம்பளத்தில் வளர்ந்த ஊர். பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 ஒக்டோபரில் இலங்கையிடம் கையளிக்கப்படும் வரை டொக்யார்ட் சம்பளத்தை நம்பி எத்தனையோ அடுப்பு எரிந்தது. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் கடைக்காரர் கொப்பியில் கடன் எழுதினார். கொப்பிக் கடனிலும் வெட்கம் உண்டு. ஆனால் கடைக்காரருக்கு எங்கள் வீட்டை, எங்கள் கஷ்டத்தைத் தெரியும். மீன் படவில்லை என்றால் அடுத்த மாதம் மட்டும் பொறுப்பார்.

போன் பில் அப்படி இல்லை. இலங்கைக்குக் கைத்தொலைபேசி 1989இலேயே வந்துவிட்டது. ஆனால் வடக்கு கிழக்கில் பரவலானது 2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகுதான். கொஞ்சக் காலத்தில் சி.டி.எம்.ஏ. போன்களும் வந்தன. ரீலோட் போடுகிறவருக்குக் கடன் வராது, காசு முடிந்தால் கதை முடிந்தது. மாதக் கட்டண இணைப்பு அப்படியில்லை. ஆள் ஊரில் இல்லாவிட்டாலும், போனைத் தொடாவிட்டாலும், துண்டிக்கும்வரை வாடகை ஓடும். இடம்பெயர்ந்தும் வெளிநாடு போயும் பழகிப்போன எங்கள் சனத்துக்கு இது நல்ல பொறி.

சரி, கட்டாவிட்டால் உண்மையில் என்ன நடக்கும்? போன் பில் ஒரு சிவில் கடன். பொலிசுக்கு அதில் வேலை இல்லை. ஒப்பந்தக் கடனைக் கட்ட முடியவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரைச் சிறையில் போடக்கூடாது என்று குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை 1980இல் அதில் சேர்ந்தது. கடனை விரைவாக அறவிட 1990இல் வந்த விசேட சட்டமும் வங்கி போன்ற கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்குத்தான். கம்பனி வழக்குப் போடலாம், அது அவர்களின் உரிமை. ஆனால் சின்னத் தொகை என்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். 4,300 ரூபாய்க்கு யார் அவ்வளவு மினக்கெடுவார்கள்?

காலமும் ஒரு விஷயம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தக் கடனுக்கு 6 வருடத்துக்குள், எழுத்தில்லாத ஒப்பந்தத்துக்கு 3 வருடத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும். பழைய பாக்கிக்காரரிடம் "ஒரு ஐந்நூறாவது போடுங்கோ அக்கா" என்று கெஞ்சுவது இரக்கத்தினால் மட்டும் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகி, காலம் புதிதாக எண்ணப்பட இடமிருக்கிறது.

ஆக, 1899இல் நடந்ததுதான் இங்கேயும். நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகக் கட்டுப்படியாகாத கடனை வெட்கம் வசூலிக்கிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நுண்கடன் சாட்சி. போருக்குப் பிறகு கிழக்கிலும் வடக்கிலும் கம்பனிகள் பெண்களைக் குழுவாக்கி ஈடில்லாமல் கடன் கொடுத்தன. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. அறவிட வந்தவர் காசு கிடைக்கும் வரை வீட்டிலேயே இருப்பார். 2018இல் இலங்கை வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, சில கடன்களில் ஆண்டு வட்டி 220 சதவீதம் வரை போனதையும், அறவிடுவோர் பெண்களிடம் பாலியல் லஞ்சம் கேட்டதையும் பதிவுசெய்தார். அதே வருடம் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் 1 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த பெண்களின் நுண்கடன் பாக்கிகளைத் தள்ளுபடி செய்தது. அது போதவில்லை. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வெட்கத்துக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்தவர்கள், கடன்காரர் என்று தாங்களே சொல்லிக்கொண்டு தெருவில் வந்து உட்கார்ந்தார்கள். எங்களுக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

எங்களோடு படித்த ஒருவன் கொழும்பில் இப்படி ஒரு அறவீட்டு நிறுவனத்தில் ஆறு மாதம் இருந்தான். அவனைக் கேட்டோம். "என்ன கதைக்கோணும் எண்டு தாள் ஒண்டு தருவாங்க. அதில பொலிஸ் எண்டு இல்லடா. அது நாங்களாச் சேர்க்கிறது. சேர்த்தாத்தான் சனம் கட்டுது. கட்டினாத்தான் எங்களுக்குக் கொமிஷன்." அவன் வீட்டிலும் ஒரு லோன் இருக்கிறது.

தோழியின் அம்மா முழுத் தொகையையும் கட்டிவிட்டா. எந்த மாதத்துக்கு எவ்வளவு, தாமதக் கட்டணம் எந்த நிபந்தனைப்படி என்று எழுத்தில் கேட்டு நாங்கள் கடிதம் போட்டோம். பதில் இன்னும் வரவில்லை. அடகுக் கடை வட்டி மாதாமாதம் ஏறிக்கொண்டிருக்கிறது.