முதலில் எந்தப் பக்கம் ஓடுவது?

ரயில்வே பயிற்சி வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் கேட்பேன்: "தம்பி, உன் வண்டி தடம் புரண்டுடுச்சு. பெட்டிக்குள்ள ஜனங்க அலறுறாங்க. என்ன செய்வே?"

"காப்பாத்தப் போவேன் சார்" என்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் இரட்டைப் பாதையில் அந்த மனசே இன்னும் பல உயிர்களைப் பறித்துவிடும். முதலில் பக்கத்துப் பாதையில் வரும் வண்டியை நிறுத்த வேண்டும்.

இதற்கு நான் சொல்லும் கதை தோக்கியோவின் மிக்காவாஷிமா. 1962 மே 3, இரவு. சிக்னலைத் தாண்டிய சரக்கு வண்டி தடம் புரண்டது. அதில் ஒரு பயணிகள் ரயில் மோதி, அடுத்த பாதையை அடைத்தபடி நின்றது. பயந்துபோன பயணிகள் கதவைத் திறந்து தண்டவாளத்தில் இறங்கி நடந்தார்கள். சுமார் 7 நிமிடம் கழித்து எதிர்த்திசை ரயில் அவர்கள் மீதே பாய்ந்தது. மாண்டவர்கள் 160 பேர். அந்த 7 நிமிடத்தில் எதிர்வண்டியை நிறுத்த யாரும் ஓடவில்லை என்பதை இன்றைக்கும் என்னால் பதறாமல் சொல்ல முடியவில்லை. அதன் பிறகுதான் ஜப்பானிய ரயில்வே தன் பாதைகளில் தானியங்கி நிறுத்தக் கருவியைப் பரவலாகப் பொருத்தியது.

நம் நாட்டில் 1998 நவம்பர் 26 அன்று, பஞ்சாபின் கன்னா அருகே ஃப்ரண்டியர் மெயிலின் பெட்டிகள் அடுத்த பாதையில் விழுந்தன. சியால்டா எக்ஸ்பிரஸ் அவற்றில் மோதி 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே கிடைத்த அவகாசம் மிகக் குறைவு.

அந்த அவகாசத்துக்காகத்தான் டெட்டனேட்டர். தண்டவாளத்தின் மேல் வைக்கும் தட்டையான சிறு வெடி. 1841-இல் எட்வர்ட் கூப்பர் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தது. சக்கரம் ஏறினால் வெடிக்கும். மூடுபனியிலும் டிரைவர் காதில் விழும். விபத்து நடந்த இடத்திலிருந்து அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒன்று, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. பழைய மீட்டர் கேஜில் 400, 800. வேகமும் சுமையும் கூடிய வண்டி பிரேக் போட்டவுடன் நிற்காது; அதற்குத்தான் இத்தனை தூரம். காரணம் புரியாமல் எண்களை மனப்பாடம் செய்தவன், நெருக்கடியில் 300 மீட்டரிலேயே நின்றுவிடுவான்.

ஆகவே வகுப்பறையோடு நான் விடுவதில்லை. இரவில், கைவிளக்கும் சிவப்புக் கொடியும் வெடிப் பெட்டியுமாக, ஜல்லி மேல் முழுத் தூரமும் ஓடவைப்பேன். வாக்கி-டாக்கியும் என்ஜினில் மின்னும் ஃப்ளாஷர் விளக்கும் வந்துவிட்ட பின் எதற்கு என்பவர்கள் உண்டு. விபத்தில் முதலில் உடைவது என்ஜினாகவும் இருக்கலாம் என்பேன். அடுத்த ஆளை அழைத்து ஓடச் சொல்வேன்.