புல்லின்கீழ் ஒரு கிராமம்

நியூயார்க் நகரின் நடுவே 843 ஏக்கர் பரப்பில் விளங்கும் மத்தியப் பூங்காவைப் புகழாதார் இல்லை. அதன் மேற்புறத்தில், புற்றரையின் கீழ், ஒரு கிராமம் புதையுண்டு கிடந்ததை அறிந்தோர் நெடுங்காலம் மிகச் சிலரே.

செனிக்கா கிராமம் என்பது அதன் பெயர். 1825-ல் ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்னும் கறுப்பின இளைஞர் அங்கே மூன்று மனைகளை 125 டாலருக்கு வாங்கினார். அவரைப் பின்பற்றிப் பலர் வாங்கினர். இதற்குத் தக்க காரணம் உண்டு. 250 டாலர் பெறுமதியுள்ள சொத்து இல்லாத கறுப்பருக்கு வாக்குரிமை இல்லையென அம்மாநிலச் சட்டம் 1821-ல் விதித்திருந்தது. வெள்ளையருக்கோ சொத்து நிபந்தனை சில ஆண்டுகளில் முற்றிலும் நீங்கிற்று. ஆகவே மனை என்பது அம்மக்களுக்கு வெறும் மண்ணன்று. 1855-ல் ஐரிஷ்காரர் சிலரும் சேர்ந்து ஏறக்குறைய 225 பேர் அங்கு வாழ்ந்தனர். மூன்று கோயில்களும் ஒரு பள்ளியும் இருந்தன. 1857-ல் பூங்காவின் பொருட்டு யாவரும் வெளியேற்றப்பட்டனர். புறம்போக்கில் குடிசை போட்டவர்கள் என்று அக்காலப் பத்திரிகைகள் அவர்களை இகழ்ந்தன.

அவ்விகழ்ச்சியைப் பொய்யாக்கியது எது? நிலத்தைப் பறிப்பதற்கென்று நகராட்சியாரே 1856-ல் வரைவித்த படம்! அதில் மனையும் வீடும் உடையவர் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன.

நிற்க. இத்தகைய பழம் படங்கள் பெட்டிக்குள் உறங்கின் யாருக்குப் பயன்? நியூயார்க் பொது நூலகத்தார் தம்மிடமிருந்த படங்களை இணையத்தில் ஏற்றிப் பொதுமக்களின் உதவியை நாடினர். பழைய படத்தில் ஒரு தெருமுனையைத் தொட்டு, இன்றைய படத்தில் அதே முனையைத் தொட வேண்டும். இவ்வாறு சில இடங்களைப் பொருத்தியதும், கட்டில்மேல் விரித்த துணியை மூலைதோறும் இழுத்துச் சீராக்குவதுபோலக் கணினி பழைய படத்தைப் புதியதன்மேல் படியச் செய்யும். 2013-ல் மற்றொரு வேலையும் தொடங்கினர். நெருப்புக் காப்புறுதிக் கம்பெனிகளுக்காக 1850-களில் வரையப்பட்ட படங்களில் செங்கல் வீடு இளஞ்சிவப்பு, மரவீடு மஞ்சள். கணினி ஒவ்வொரு வீட்டின் எல்லையையும் தானே வரைந்தது. பல இடங்களில் தவறிற்று. அத்தவறுகளைப் பிடிக்கும் பொறுப்பு எவர்க்கும் திறந்துவிடப்பட்டது. ஒரே வீடு பலருக்குக் காட்டப்பட்டுப் பலரும் ஒத்துச் சொன்னதே ஏற்கப்பட்டது. பண்டிதர் ஒருவரின் வாக்கே பிரமாணம் எனக் கொண்டு பழகிய நாம் இம்முறையைச் சற்று உற்று நோக்குதல் நன்று.

ஆயினும் ஆயிரம் பேர் கூடிப் பொருத்தினும், வரைந்தவன் விட்டதைப் படம் சொல்லாது. காப்புறுதிப் படக்காரனுக்கு வேண்டியது சுவரும் கூரையுமே. உள்ளே வாழ்ந்தவர் யாரென்பது அவனுக்கு வேண்டியதன்று. அதற்குக் குடிக்கணக்கையும் கிரயப் பத்திரத்தையும் கோயிற் பதிவையும் தேட வேண்டும். இறுதியில் மண்ணையும் தோண்ட வேண்டும்.

அவ்வாறே 2011-ல், பழம் படங்களையும் நிலத்தை ஊடுருவும் ரேடார் கருவியையும் துணைக்கொண்டு ஆராய்ச்சியாளர் அங்கே தோண்டினர். கோயிற் பணியாளரான வில்லியம் வில்சன் என்பவரின் வீட்டு அடித்தளம் வெளிப்பட்டது. அதனோடு ஓர் இரும்புக் கெண்டியும், ஒரு குழந்தையின் செருப்பும் கிடைத்தன.