முப்பது அங்குல பேஸ்: பசங்க வாத்தியமா?

முதல் தடவை பேஸ் கிட்டார் வாங்கப் போனப்ப, சின்னதா இருந்த ஒண்ணைத்தான் கையில எடுத்தேன். "அது பசங்க பழகுறதுக்குங்க, நீங்க 34 எடுங்க"ன்னார் கடைக்காரர். எடுத்தேன். ஆறு மாசம் சுண்டுவிரல் எட்டாம நான் பட்ட பாடு தனிக்கதை.

இந்த 30, 34ங்கிறது நட்டுல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் கம்பி அதிர்கிற நீளம், அங்குலத்துல. இதைத்தான் ஸ்கேல்னு சொல்றோம்.

34 எங்கிருந்து வந்துச்சு? 1951ல லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ்ல இருந்து. நின்னுக்கிட்டு வாசிக்கிற டபுள் பேஸ்ல கம்பி சுமார் 42 அங்குலம் வரும். அதோட பார்த்தா 34ம் குட்டைதான்! 1953ல கிப்சன் 30.5 அங்குலத்துல ஒரு பேஸ் போட்டாங்க. 1956ல ஜெர்மனியில ஹோஃப்னர் 500/1 வந்தது, வயலின் வடிவம், 30 அங்குலம். அப்போ யாரும் எதையும் பசங்க அளவுன்னு பிரிக்கல. ஃபெண்டர் ஊரெல்லாம் பரவினதால அதோட அளவே "சரியான" அளவு ஆயிடுச்சு.

1961, ஹாம்பர்க். ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் விலகினதும் பீட்டில்ஸ்ல பேஸ் பால் மெக்கார்ட்னி தலையில விழுந்தது. ஃபெண்டர் வாங்கக் காசில்ல. சுமார் 30 பவுண்டுக்கு ஹோஃப்னர் கிடைச்சது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கறதால இடது கைக்காரர் வாசிச்சாலும் கோணலாத் தெரியாது. உள்ளே கூடு, அதனால எடையும் கம்மி. பீட்டில்ஸோட ஆரம்ப கால ரெக்கார்டுகள்ல நாம கேக்கறது இந்த 30 அங்குலத்தைத்தான்.

கணக்கு இதுதான்: அதே கம்பி, அதே சுருதி, ஆனா 34க்கு பதிலா 30ன்னா இழுவிசை கிட்டத்தட்ட 22 சதவீதம் குறையும். முதல் ஃப்ரெட்டோட அகலம் 6 மில்லிமீட்டர் குறுகும். விரலுக்கு அது பெரிய விஷயம். கம்பி தளர்வா இருக்கறதால நாதம் உருண்டையா, கொஞ்சம் மொத்தமா வரும். கீழ் ஈ கம்பி சில பேஸ்ல தொளதொளன்னு இருக்கும், அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா அதே தளர்வுதான் க்ரீம் குழுவுல ஜாக் ப்ரூஸுக்கு வசதியாச்சு. கிப்சன் ஈபி-3ல கம்பியை லீட் கிட்டார் மாதிரி வளைச்சு வாசிச்சார்.

1966ல ஃபெண்டரே 30 அங்குலத்துல மஸ்டாங் பேஸ் விட்டாங்க, மாணவர்களுக்கான கிட்டார் வரிசையோட சேர்த்து. "பசங்க வாத்தியம்"ங்கிற பேர் ஒட்டிக்கிட்டதுக்கு இதுக்கும் பங்கு உண்டுன்னு நினைக்கிறேன். டாக்கிங் ஹெட்ஸ்ல டீனா வேமவுத் அதை வாசிச்சதைக் கேட்டவங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க.

மெக்கார்ட்னியோட அந்த 1961 ஹோஃப்னர் 1972ல லண்டன்ல திருடு போய், 50 வருஷத்துக்கு மேல கழிச்சு அவர் கைக்கே திரும்பி வந்துச்சு. அந்தச் செய்தி 2024ல வெளியானப்பதான் நான் என் 34ஐ வித்துட்டு அதே கடைக்குப் போய் ஒரு 30 கேட்டேன்.

"பையனுக்காங்க?"ன்னார்.

ஆமான்னு சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன்.