கடல்கட்டி வராத நாள்

இலங்கையின் மன்னார்ப் பகுதியில் உள்ள அரிப்பு, சிலாவத்துறைக் கரையில் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடல்கட்டி இல்லாமல் குளியாட்கள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர் அவர். மந்திரத்தில் துளியும் நம்பிக்கையில்லாத ஆங்கில அரசே அவருக்குப் படியளந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய கோர்டினர் பாதிரியார் இரண்டு கடல்கட்டிகளைச் சொல்கிறார். ஒருவர் தலைமைத் தோணியில் போவார். மற்றவர் தோணிகள் கரைசேரும்வரை ஓர் அறைக்குள் அடைந்திருப்பார். அவர் முன்னால் ஒரு பித்தளைப் பாத்திரத்துத் தண்ணீரில் வெள்ளியில் செய்த ஆண் மீனும் பெண் மீனும் கிடக்கும். கடலில் யாரையாவது சுறா கடித்தால், இந்த மீன்களில் ஒன்று மற்றதைக் கடிக்குமாம். மார்க்கோ போலோ சொல்லும் கணக்கில், மந்திரக்காரருக்கு முத்தில் 20இல் ஒரு பங்கு. அரசனுக்கே 10இல் ஒன்றுதான்!

இப்படிப்பட்டவர் வராமல் போனால் என்ன ஆகும்? பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் அரிப்புக்குப் போனபோது அதுதான் நடந்தது. கடல்கட்டிக்கு உடம்புக்கு முடியவில்லை. பதிலுக்கு ஓர் ஆளை அனுப்பியிருந்தார். வந்தவரோ, தனக்கு மந்திரம் தெரியாது என்று கூசாமல் ஒப்புக்கொண்டார். பெரியவரின் ஆளாகத் தான் அங்கே நின்றாலே சுறாக்கள் மதித்து நடக்கும் என்றார். அந்தப் பெரியவர் கத்தோலிக்கர் என்பதும் யாருக்கும் உறுத்தவில்லை. வேலை பரம்பரையாக வருவது, அது போதும். குளியாட்கள் நம்பிக்கையை வைத்தது அந்தப் பதவியின் மேல் என்றே நான் வாசிக்கிறேன். அதனால்தான் ஆள் மாறியும் தொழில் நிற்கவில்லை.

ஏமாளிகள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். சுறாவால் ஆபத்து நேர்வது மிக அரிது, இத்தனை பேர் எழுப்பும் ஆரவாரமே அதை விரட்டிவிடும் என்ற விளக்கம் அன்றே இருந்தது. ஆனால், கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு பல பாகம் ஆழம் இறங்குபவனுக்கு அந்த விளக்கத்தால் என்ன பயன்? அவனுக்கு வேண்டியது இறங்கும் துணிச்சல். அரசு காசு கொடுத்ததும் அதற்குத்தான். ஓர் அணியைவிட்டு நட்சத்திர வீரர் போகும்போது ரசிகர்கள் பதறுவதும் இதே நம்பிக்கையால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விளையாட்டு நட்சத்திரத்தோடு மந்திரக்காரரை ஒப்பிடலாமா என்பது இன்னும் வலுவான மறுப்பு. பேஸ்போல் வீரர் பேப் ரூத்தை பொஸ்டன் ரெட் சொக்ஸ் நியூயோர்க் யாங்கீஸுக்கு விற்றதும், 1920இல் அவர் 54 ஹோம் ரன் அடித்தார். அந்த நட்டம் கண்ணால் கண்டது. 2025 நவம்பரில் கிரிக்கெட் வீரர் ஜடேஜா சென்னை அணியைவிட்டு ராஜஸ்தானுக்குப் போனபோது ரசிகர்கள் அடித்துக்கொண்டதும் வெறும் பிரமையல்ல. ஆனால் 1918க்குப் பின் பொஸ்டன் அடுத்த கிண்ணத்தை வென்றது 2004இல். 1948இலேயே இறந்துபோன ஒருவரின் சாபம் என்று அதற்குப் பெயர் வைத்தார்களே, அங்கே கணக்கு முடிந்து கடல்கட்டி வந்துவிடுகிறார். நம்பிக்கையை முழுக்க ஓர் ஆளிடம் ஒப்படைத்ததால் பதில் ஆளை அனுப்பவும் வழியில்லை.

மன்னார்க் கடலும் பதில் ஆள் இல்லாத ஒரு பிரிவைக் கண்டது, சிப்பியின் பிரிவை. 1905 சலாபத்தில் 8 கோடிக்கு மேல் சிப்பி அள்ளினார்கள். அதைப் பார்த்து லண்டன் கம்பெனி ஒன்று 1906இல் 20 ஆண்டுக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு அந்தக் கம்பெனிக்கு ஒரு சலாபமும் வாய்க்கவில்லை.