சீலியாக் நோயும் பள்ளிக் குழந்தைகளும்

சீலியாக் நோய் சிறுகுடலைத் தாக்கும் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற பசைப்புரதம் இருக்கிறது. இந்த நோய்க்கு ஆளானவர் அதைச் சாப்பிட்டால், அவருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தக் குடலின் உட்சுவரையே எதிரியாக நினைத்துத் தாக்கத் தொடங்கும். செரித்த உணவிலிருந்து சத்தை உறிஞ்சிக்கொள்ளும் குடலுறிஞ்சிகள் நுண்ணிய விரல்களைப் போல நீண்டிருப்பவை. அவை தேய்ந்து தட்டையாகிவிடும். குழந்தை வயிறு நிறையச் சாப்பிட்டாலும் சத்து உடம்பில் ஒட்டாது. உலகில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இந்த நோய் உண்டு. தொற்றாது, தானாகத் தீராது. குணப்படுத்தும் மருந்தும் கிடையாது. குளூட்டனை வாழ்நாள் முழுவதும் தவிர்ப்பது ஒன்றே வைத்தியம்.

வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ 1888-ல் இந்த நோயைத் தெளிவாக விவரித்து, இது தீருமானால் உணவால்தான் தீரும் என்று எழுதினார். எந்த உணவு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. தினமும் மட்டிச் சிப்பிகளைச் சாப்பிட்ட ஒரு குழந்தை நன்றாகத் தேறியதையும், சிப்பிப் பருவம் முடிந்ததும் மறுபடி நலிந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். 1924-ல் அமெரிக்காவின் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவுமுறையைக் கொண்டுவந்தார். குழந்தைகள் பிழைத்தார்கள், பெருமை வாழைப்பழத்துக்குப் போயிற்று. உண்மையில் அவர்களைக் காப்பாற்றியது தட்டில் ரொட்டி இல்லாமல் போனதுதான்.

அதைக் கண்டு சொன்னவர் நெதர்லாந்தின் குழந்தை நல மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காதபோது நோயாளிக் குழந்தைகள் தேறியதைப் பார்த்துத்தான் அவருக்கு உண்மை பிடிபட்டது என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. கதை அழகாக இருக்கிறது, ஆனால் டிக்கேக்கு அது நியாயம் செய்யவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கோதுமை மேல் அவருக்குச் சந்தேகம் இருந்தது. 1941-லேயே அதைப் பற்றி எழுதியும் விட்டார். பல ஆண்டுகள் ஒரே குழந்தைகளின் உணவை மாற்றி மாற்றிக் கொடுத்து, எடையைக் குறித்து, பொறுமையாக நிறுவிய முடிவு அது. 1950-ல் முனைவர் பட்ட ஆய்வேடாக வெளிவந்தது.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் நோய் வெளிப்படையாகத் தெரியும்: தொடர்ந்த வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, மெலிந்த கைகால்கள், ஓயாத சிணுங்கல். பள்ளி வயதில் அது மறைந்துகொள்கிறது. இரும்புச் சத்து மருந்து கொடுத்தும் தேறாத ரத்தசோகை, வயதுக்கேற்ற உயரம் இல்லாமை, அடிக்கடி வயிற்றுவலி, வாய்ப்புண், பல் எனாமல் குறை, தள்ளிப்போகும் பூப்பு, சில பிள்ளைகளுக்கு மலச்சிக்கல். இவற்றில் ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் யாருக்கும் சந்தேகம் எழாது. முதல் பாடவேளையிலேயே சோர்ந்து மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைக்குச் ‘சோம்பேறி’ என்ற பட்டம்தான் கிடைக்கும்.

இப்படி மறைந்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை ஸ்வீடன் எண்ணிப் பார்த்தது. 1980-களின் நடுவிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்த நாட்டுக் குழந்தைகளிடம் இந்த நோய் ஒரு கொள்ளைநோய் போலப் பெருகியிருந்தது. அந்தக் காலத்தில் பிறந்தவர்கள் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது, 2005-06 கல்வியாண்டில், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பள்ளியிலேயே ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஆயிரத்துக்கு ஏறத்தாழ 29 பேருக்கு நோய் இருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அதுவரை யாரும் நோயைக் கண்டுபிடித்திருக்கவில்லை. நல்ல மருத்துவ வசதி உள்ள நாட்டின் கணக்கு இது.

படிப்பை இந்த நோய் கெடுக்குமா? பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். நோய் தெரியாமல் கிடக்கும் காலத்தில் ரத்தசோகையும் வயிற்றுவலியும் அடிக்கடி எடுக்கும் விடுப்பும் பிள்ளையைப் பின்னுக்கு இழுக்கும். இரும்புச் சத்துக் குறைவு கவனத்தையும் கற்றலையும் பாதிக்கும் என்பது தெரிந்த விஷயம். ஆனால் நோயைக் கண்டறிந்து குளூட்டனை நிறுத்திய பிறகு குழந்தைகளின் குடல் பெரும்பாலும் ஆறிவிடுகிறது, எடை கூடுகிறது, உயரமும் எட்டிப் பிடிக்கிறது. ஸ்வீடனில் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்களை ஒப்பிட்ட ஆய்வும் இந்த நோயுள்ள பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பின்தங்கவில்லை என்றே கண்டது. மூளைக்கு ஒரு குறையும் இல்லை. பாடு எல்லாம் சாப்பாட்டு வேளையில்தான்.

‘ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?’ என்று அன்பாகக் கேட்பவர்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் சேதமாகத் தொடங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு ரொட்டித் துண்டில் இருப்பது கிராம் கணக்கில். ஆகவே தோழியின் டப்பாவிலிருந்து கிள்ளித் தரும் சப்பாத்தியும், சப்பாத்தி தொட்ட கரண்டியால் பரிமாறும் குருமாவும்கூட ஆகாது. உணவுப் பொட்டலத்தில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பதே பன்னாட்டு அளவுகோல், இந்தியாவிலும் அதேதான்.

இத்தாலி இதைப் பிள்ளையின் உரிமையாகவே ஆக்கிவிட்டது. பள்ளி உணவுக்கூடங்களில் கேட்பவர்களுக்குக் குளூட்டன் இல்லாத உணவு தர வேண்டும் என்று 2005-ல் சட்டம் வந்தது. 2023-ல் குழந்தைகளிடம் இந்த நோயையும் முதல் வகை நீரிழிவையும் நாடு தழுவத் தேடிக் கண்டறியவும் தனிச் சட்டம் இயற்றினார்கள். சட்டம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் இலவச மதிய உணவு தரும் ஸ்வீடனில், தனித் தட்டு வந்ததும் எல்லோர் கண்ணும் தன்மேல் விழுகிறதே என்று கூசி, சாப்பிடாமலே இருந்துவிடும் வளரிளம் பிள்ளைகளும் உண்டு.

இந்தியாவில் இதை ‘வடக்கத்தி நோய்’ என்று ஒதுக்கும் பழக்கம் மருத்துவர்களிடமே இருந்தது. 2016-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று நாட்டின் மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைச் சோதித்தது. இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பான்கள் ரத்தத்தில் இருந்தவர்கள் நூற்றுக்கு வடக்கே 1.23, வடகிழக்கே 0.87, தெற்கே 0.10 என்று கணக்கு வந்தது. கவனிக்க வேண்டியது இன்னொன்று. இந்த நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வகை தெற்கே உள்ளவர்களிடமும் ஏறக்குறைய வடக்கே உள்ள அளவுக்கே, மூன்றில் ஒருவருக்கு மேல் காணப்பட்டது. பெரிய வித்தியாசம் தட்டில் இருந்தது: வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சாப்பிட்ட கோதுமை சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். அரிசி உண்ணும் நம் பழக்கம் நமக்குக் காப்பாக இருந்திருக்கலாம். பரோட்டாவும் பிஸ்கட்டும் ரொட்டியும் பிள்ளைகளின் அன்றாடச் சாப்பாடாகிவிட்ட இன்று அந்தக் காப்பை நம்பிச் சும்மா இருக்க முடியாது.

தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. இட்லி, தோசை, இடியாப்பம், பொங்கல், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் எல்லாம் இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை. ஆனால் ரவை, சேமியா, மைதா மூன்றும் கோதுமையின் வடிவங்களே. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-ல் தொடங்கியபோது அறிவித்த பட்டியலில் ரவை உப்புமாவும் சேமியா உப்புமாவும் இருந்தன. பாலில் கலக்கும் மால்ட் பானங்களில் பார்லி இருக்கும். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். சாம்பாரும் ரசமும் அப்படித்தான் சந்தேகத்துக்கு இடமாகின்றன.

நோயை அறிய முதற்படி ஒரு ரத்தப் பரிசோதனை. பிறகு தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி வழியாகக் குடலில் துளி திசு எடுத்துப் பார்ப்பார்கள். ரத்தத்தில் எதிர்ப்பான்கள் மிக அதிகமாக இருந்து, இரண்டாவது ரத்த மாதிரியும் அதை உறுதிப்படுத்தினால், குழந்தைகளுக்குத் திசு எடுக்காமலே முடிவு சொல்லலாம் என்கின்றன ஐரோப்பிய வழிகாட்டுதல்கள். யாரோ சொன்னார்கள் என்று பெற்றோர் கோதுமையை முன்கூட்டியே நிறுத்திவிட்டால் எதிர்ப்பான்கள் வடிந்து, சோதனை பொய்யாகிவிடும். முடிவு தெரியும்வரை வழக்கமான சாப்பாடே தொடர வேண்டும். ஒரு குழந்தைக்கு நோய் உறுதியானால் உடன்பிறந்தவர்களையும் பெற்றோரையும் சோதிப்பது அவசியம். முதல் வகை நீரிழிவோ டவுன் நோய்க்குறியோ உள்ள குழந்தைகளையும்தான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த நோயுள்ள பிள்ளை கழிப்பறைக்குப் போகக் கேட்டால் உடனே அனுப்புங்கள். மைதா பசையில் கைவேலை செய்தால் எல்லாப் பிள்ளைகளையும் கை கழுவச் சொல்லுங்கள். பிறந்தநாள் கேக் வகுப்பைச் சுற்றி வரும் நாளில் அந்தப் பிள்ளையின் கையும் வெறுமையாக இருக்கக் கூடாது. பெற்றோரிடம் கேட்டு வாங்கி, வகுப்பு அலமாரியில் ஒரு டப்பா கடலைமிட்டாய் வைத்திருங்கள்.