குழந்தை எப்போ ராத்திரி முழுக்க தூங்கும்? 1 வயசாகியும் எழுந்தா பிரச்னையா?

"6 மாசம் ஆச்சு, இன்னும் ராத்திரி எழுந்து அழறானா? உனக்கு பால் பத்தலை போல..." இதைக் கேட்காத அம்மாக்கள் குறைவு. ஆனால் பல நேரம் காரணம் பால் இல்லை.

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் வரை தூங்கும். ஆனா ஒரேயடியாகத் தூங்காது. வயிறு சின்னது, தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும். 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும். பகல், ராத்திரி வித்தியாசம் பிடிபடவே 2, 3 மாதங்கள் ஆகும்.

சரி, அதுக்கப்புறம்? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 6 மாதக் குழந்தைகளில் 38 சதவீதம் பேர் தொடர்ந்து 6 மணி நேரம்கூட தூங்கவில்லை. 1 வயதிலும் 28 சதவீதம் பேர் அப்படித்தான். அதனால் அவர்களின் வளர்ச்சி பின்தங்கியதாகவும் தெரியவில்லை.

பால் பத்துதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? முதல் வாரத்துக்குப் பிறகு, குழந்தை தினமும் 6 முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் சரியாக ஏறினால் போதும். நல்லா தூங்கட்டும்னு பாட்டில் பாலில் மாவு கரைப்பது வேண்டாம். தூங்க வைக்க சளி மருந்து கொடுப்பது ரொம்பவே ஆபத்து.

ராத்திரி பால் கொடுக்கும்போது லைட்டை மங்கலாக வையுங்கள். கொஞ்சல், விளையாட்டெல்லாம் பகலில். எப்போதும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும்.

எடை ஏறவில்லை, பால் குடிக்க மறுக்கிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், விடியும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.